மன்னார்குடி மத்து, தாம்பரம் டிராயர்: மரச் சாமான்களுக்குப் பூசணம் பிடித்தது ஏன்?

மன்னார்குடியில் பெரியம்மா வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்றதும், அந்தச் சமையலறையில் இருந்த மரச் சாமான்களை நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். மத்து ஒன்று, கொட்டாங்கச்சி அகப்பை இரண்டு, வேப்பமரக் கரண்டி ஒன்று, முறுக்கு நாழி ஒன்று, உப்பு போட்டு வைக்கிற மரவை ஒன்று. பெரியம்மா கல்யாணமாகி வந்தபோதே அந்த மத்து அந்த வீட்டில் இருந்ததாம். அப்போது செப்டம்பர் மாதம். தாம்பரத்தில் எங்களுக்கு இரண்டாவது மாடி வீடு. எல்லாவற்றையும் சோப்பு போட்டுக் கழுவி, துணியால் துடைத்து, சமையல் மேடைக்குக் கீழே உள்ள டிராயரில் அடுக்கினேன். என்னுடைய காய் நறுக்கும் பலகையும் சப்பாத்திக் கட்டையும் ஏற்கெனவே அங்கேதான் இருந்தன. ஆக மொத்தம் எட்டு.

டிசம்பர் முதல் வாரம் மோர் கடையலாம் என்று அந்த டிராயரைத் திறந்தேன். முதலில் வந்தது வாடை. ஈரச் சாக்கும் பழைய வெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாடை. மத்தின் தலையில் உள்ள பள்ளங்களுக்குள் சாம்பல் நிறத்தில் பூசணம் பஞ்சு போலப் படர்ந்திருந்தது. பலகையின் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். ஓர் அகப்பையின் மூங்கில் காம்புக்குக் கீழே மாவு போன்ற தூள் சின்னக் குவியலாகக் கொட்டிக் கிடந்தது. எண்பது வயதுப் பெரியம்மாவின் கையில் ஒரு வாழ்நாள் முழுக்க நன்றாக இருந்த சாமான், என் கையில் மூன்று மாதத்தில் இப்படி ஆனதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்குத் தொடங்கி அடுத்த மழைக்காலம் வரை இவற்றுக்கு நான் செய்தது, கெடுத்தது, சரிப்படுத்தியது எல்லாம் இது.

முதலில் செய்த தவறுகள்

பதற்றத்தில் உப்பு மரவை தவிர மற்ற ஏழையும் ஒரு பெரிய பாத்திரத்தில் போட்டு, வெந்நீர் ஊற்றி, வினிகர் கலந்து ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். மறுநாள் மழை விட்டு வெயில் அடித்தது. மொட்டைமாடித் தரையில் உச்சி வெயிலில் பரப்பிவிட்டு வந்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் பலகை தட்டு மாதிரி நடுவில் குழிந்திருந்தது. ஓரத்தில் ஒட்டுப்போட்ட இடத்தில் விரல்நீள வெடிப்பு. மரக்கரண்டியைத் தடவினால் பூனை நாக்கு மாதிரிச் சொரசொரப்பு.

மரம் தண்ணீரைக் குடிக்கும், காற்றின் ஈரத்தையும் குடிக்கும். குடித்தால் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். நாரின் நீளவாட்டில் இந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது, குறுக்குவாட்டில்தான் எல்லாம் நடக்கும். அதிலும் வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரே மரத்துண்டு இரண்டு திசையில் இரண்டு அளவாகச் சுருங்கினால் எங்காவது விட்டுக்கொடுத்துதானே ஆக வேண்டும்? அதுதான் வெடிப்பு. என் பலகை ரப்பர் மரத்தின் நீளத் துண்டுகளை ஒட்டிச் செய்தது. ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடித்த பலகையின் மேல்பக்கம் மட்டும் வெயிலில் வேகமாகக் காய்ந்து சுருங்க, தரையோடு ஒட்டிக் கிடந்த அடிப்பக்கம் ஈரத்தோடு பருத்தே இருந்தது. அதனால்தான் மேல்பக்கம் குழிந்தது.

குழிந்த பலகையைச் சரிசெய்ய ஒரு தச்சு ஆசாரி வழி சொன்னார். பிழிந்த ஈரத்துண்டை மேடையில் விரித்து, குழிந்த பக்கம் கீழே வருமாறு பலகையைக் கவிழ்த்து, மேலே அம்மிக்குழவியை வைத்தேன். சுருங்கிய பக்கம் கொஞ்சம் ஈரம் குடித்துப் பழையபடி பருக்க, காலையில் பலகை ஏறக்குறைய நேராகிவிட்டது. அப்புறம் அதைப் படுக்க வைக்கவே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி காற்றுப் படும்படி, ஓரத்தில் நிமிர்த்திக் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே வைத்தேன்.

காய்ந்ததா இல்லையா என்பதைக் கையால் தொட்டுச் சொல்ல முடியாது. மேல்தோல் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த நம்பகமான வழி. முதல் நாள் காலை பலகை 1,180 கிராம் இருந்தது. தினமும் காலையில் நிறுத்தேன். ஒன்பதாம் நாள் 1,065 கிராம், அடுத்த இரண்டு நாளும் அதே எடை. அதாவது அரை டம்ளருக்கும் மேலான தண்ணீர், துடைத்துக் காய்ந்துவிட்டதாக நான் நினைத்த பலகைக்குள் இருந்திருக்கிறது. இந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

மன்னார்குடியில் ஏன் கெடவில்லை?

பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். கேட்டதுமே, “என்னடி, மத்தைப் போய்ப் பெட்டிக்குள்ளயா போட்டு மூடி வச்சே?” என்றார். அந்த வீட்டில் மத்து அடுப்புக்கு மேலே சுவர் ஆணியில் தொங்கும். அகப்பைகள் அடுப்புத் திண்ணைக்குப் பக்கத்தில், சுவரில் அடித்த சட்டத்தில் செருகியிருக்கும். மரவை அடுப்பின் கை எட்டும் தூரத்தில் இருக்கும். விறகடுப்பின் சூடு தினமும் மூன்று வேளை அவற்றைக் காயவைத்தது. புகை வேறு படிந்துகொண்டே இருந்தது, புகையில் பூஞ்சையை அண்டவிடாத பொருள்கள் உண்டு. யாரும் பராமரிப்பு என்று தனியாக எதுவும் செய்யாமலே பாதி வேலையை அடுப்பு பார்த்துக்கொண்டது.

நான் என்ன செய்தேன்? மேலே தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் தண்ணீர்க் குழாய், முன்னால் கதவு. அந்த டிராயருக்குள் காற்றே போகாது. சென்னைக்கு அதிக மழை தருகிற மாதம் நவம்பர். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் மரத்தின் மேல் பூசணம் வளர அதுவே போதும், தண்ணீர் சொட்ட வேண்டும் என்றுகூட இல்லை. கேஸ் அடுப்பு மரத்தைக் காயவைக்காது, புகை போடாது. பெரியம்மா வீட்டுச் சாமானை எடுத்து வந்த நான், அது இருந்த இடத்தின் சூட்டையும் காற்றையும் எடுத்து வரவில்லை. நம் வீடுகளில் மரக்கரண்டி கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் கழுவாதது இல்லை, காயாததுதான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

ஒவ்வொன்றாக

உப்பு மரவையில் பூசணம் ஒரு புள்ளிகூட இல்லை. ஆனால் வெளிப்பக்கம் வேர்த்தது போல் ஈரம் கசிந்திருந்தது. பல வருஷம் கல்லுப்பு இருந்ததால் உப்பு அதன் நாருக்குள்ளேயே ஊறிப்போயிருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கருவாட்டைக் காக்கிற அதே உப்பு மரத்தையும் பூசணத்திடமிருந்து காத்தது, ஆனால் ஈரத்தை இழுத்துப் பக்கத்தில் இருந்த சாமானுக்கும் கொடுத்தது. அதைக் கழுவவில்லை. காய்ந்த துணியால் துடைத்து, மூடி போட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். மறுபடியும் கல்லுப்பு போட்டு இன்றைக்கும் புழங்குகிறேன்.

தூள் கொட்டிய அகப்பையின் மூங்கில் காம்பைத் தரையில் தட்டினேன். குண்டூசித் தலை அளவு துளைகளிலிருந்து மறுபடி மாவு கொட்டியது. இது ஈரத்தால் வந்த கேடு இல்லை, வண்டு. மூங்கிலிலும் மரத்தின் வெளிறிலும், அதாவது வைரம் பாயாத வெளிப்பகுதியிலும், உள்ள மாவுச்சத்துக்காக வருகிற பூச்சி. வைரம் பாய்ந்த மரத்தை அது சீண்டாது. நகத்தால் அழுத்தினால் காம்பு உள்ளே அமுங்கியது. உளுத்துப்போனதைக் காப்பாற்ற முடியாது. ஆனால் கொட்டாங்கச்சி கல் மாதிரி அப்படியே இருந்தது. அதில் மரத்துக்கு உறுதி தருகிற லிக்னின் என்ற பொருள் அதிகம், தண்ணீரும் சுலபத்தில் ஏறாது. கச்சியை வைத்துக்கொண்டு, காம்பை எரித்துவிட்டேன். புது மூங்கில் சிம்பை ஒரு மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவைத்தேன். மாவுச்சத்து ஓரளவு கரைந்து போகும், உள்ளே முட்டை இருந்தாலும் செத்துவிடும். கப்பலில் போகும் மரப்பெட்டிகளுக்கு உலக நாடுகள் வைத்திருக்கும் விதியே மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்க வேண்டும் என்பதுதான். மெல்லிய சிம்புக்கு ஒரு மணி நேரக் கொதி தாராளம். நிழலில் காயவைத்துக் கச்சியின் துளைகளில் செருகி இறுக்கினேன். கோந்து எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இன்னோர் அகப்பைக்கு ஒன்றும் ஆகவில்லை, தேங்காய்நார் போட்டுத் தேய்த்ததோடு சரி.

மரக்கரண்டியில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. அதையும் பூசணம் என்றுதான் நினைத்தேன். ஈரத்துணியால் துடைத்தால் பூசணம் கொஞ்சமாவது துணியில் ஒட்டும், இது ஒட்டவில்லை. யோசித்துப் பார்த்ததில் நினைவுக்கு வந்தது: ஒரு நாள் ராத்திரி இரும்பு வாணலியின் விளிம்பில் அந்தக் கரண்டியை ஈரத்தோடு சாய்த்துவிட்டுத் தூங்கிவிட்டேன். மரத்தில் உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுக்கும். கலம்காரிக்காரர்கள் கடுக்காயில் நனைத்த துணியில் இரும்புத் துருக் கரைசலைத் தொட்டுக் கறுப்புக் கோடு போடுவார்களே, அதே வேலை இங்கே தானாக நடந்திருக்கிறது. எலுமிச்சை மூடியால் தேய்த்துப் பத்து நிமிடம் விட்டுக் கழுவினேன். இரண்டாவது தடவையில் கோடு மங்கலாகிவிட்டது. உடம்புக்குக் கெடுதல் இல்லாத கறை, மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

அதே கரண்டியில் மஞ்சள் கறையும் உண்டு. சோப்பு போட்டதும் அது சிவந்ததைப் பார்த்துப் பயந்துவிட்டேன். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதே, அதுதான் இதுவும். காரத்தன்மை பட்டால் மஞ்சளின் நிறம் மாறும். மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும், வெயிலில் அழியும். ஆகவே தேய்த்துத் தேய்த்து மரத்தைப் புண்ணாக்க வேண்டாம். துளி தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, இரண்டு மூன்று நாள் காலை வெயிலில் வைத்தேன். சுத்தமாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் வெளிர் மஞ்சளாகிவிட்டது.

மத்துக்குத்தான் அதிக நாள் ஆனது. பூசணத்தை ஈரத்துணியால் துடைத்து எடுத்த பிறகும் சிக்கு வாடை போகவில்லை. தலையின் பள்ளங்களில் வெண்ணெய்க் கொழுப்பு படிந்து கெட்டிருந்தது. வெண்ணெய் உருக 32 முதல் 35 டிகிரி வேண்டும். குழாய்த் தண்ணீரில் கழுவினால் கொழுப்பு உருகாது, பள்ளத்துக்குள் இன்னும் நன்றாக அப்பிக்கொள்ளும். பெரியம்மா எப்போதும் வெந்நீரில்தான் மத்தைக் கழுவுவார், அதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்தும் ஏன் என்று கேட்டதில்லை. கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர், சீயக்காய்த் தூள், பழைய பல்துலக்கி. ஒவ்வொரு பள்ளமாக, நார் போகும் திசையிலேயே தேய்த்தேன். சீயக்காய் எண்ணெயை எடுக்கும், சோடா மாவு போலவோ சாம்பல் போலவோ காரத்தால் நாரைக் கிளப்பாது. ஊறவிடாமல் இரண்டு நிமிடத்தில் அலசி, உதறி, துடைத்து, தலை கீழே தொங்கும்படி ஜன்னல் கம்பியில் கட்டினேன். மூன்று நாள் விட்டு மறுபடி ஒருமுறை. அதன் பிறகு முகர்ந்து பார்த்தால் வெறும் மரவாடைதான் வந்தது. தேய்ந்து வழுவழுப்பான அந்தத் தண்டில், கயிறு சுற்றுகிற இடத்தில் மட்டும் விரல் தடிமனுக்கு ஒரு பள்ளம் உண்டு. எத்தனை வருஷக் கயிறு அது! உப்புத்தாள் கையில் இருந்தும் அந்த இடத்தில் மட்டும் போட மனம் வரவில்லை.

முறுக்கு நாழியின் துளைகளில் போன தீபாவளி மாவு காய்ந்து கல்லாகியிருந்தது. ஈரத்துணியைச் சுற்றி அரை மணி வைத்து, தென்னங்குச்சியால் குத்தி எடுத்தேன். சப்பாத்திக் கட்டையின் கைப்பிடியில் சிவப்பும் பச்சையுமாக அரக்கு வளையங்கள் உண்டு. வெந்நீரில் ஊறியதில் அவை மங்கி வெளுத்துவிட்டன. அரக்கு சூட்டில் இளகும், அது என் தவறு, திரும்ப வராது. ஈரத்துணியால் துடைத்தாலே போதுமான சாமான் அது.

எண்ணெய் எந்த எண்ணெய்?

எல்லாம் காய்ந்த பிறகுதான் எண்ணெய். ஈரத்தோடு எண்ணெய் தடவினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும். சொரசொரப்பான கரண்டியையும் பலகையையும் முதலில் 180 நம்பர் உப்புத்தாள், பிறகு 220, நார் திசையில் தேய்த்தேன். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் சிராய் மறுபடி எழுந்து நிற்கும். காயவிட்டு, தேய்ந்த 220 தாளால் லேசாக ஒரு தடவை. இதைச் செய்துவிட்டால் அடுத்தடுத்த கழுவலில் சொரசொரப்பு வராது.

முதலில் பலகையில் நல்லெண்ணெயைத் தாராளமாகத் தடவி வைத்தேன். மூன்று வாரத்தில் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. எண்ணெய்களில் மூன்று ஜாதி உண்டு. ஆளி விதை எண்ணெய் காற்றுப் பட்டால் உலர்ந்து கெட்டியான படலமாகும். தேங்காய் எண்ணெய் உலரவே உலராது, அதில் தொண்ணூறு சதவீதம்போல் நிறைகொழுப்பு, அதனால் சீக்கிரம் சிக்கு வாடையும் அடிக்காது. நல்லெண்ணெய் இரண்டுங்கெட்டான், தடிமனாகத் தடவினால் பாதி உலர்ந்து பிசினாக நின்றுவிடும். சீயக்காய் போட்டுத் தேய்த்து அதை எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

இப்போது கரண்டி, மத்து, நாழிக்குத் தேங்காய் எண்ணெய்தான். நாலைந்து சொட்டு, துணியில் தொட்டுத் தேய்த்து, அரை மணி கழித்துக் காய்ந்த துணியால் மிச்சம் எதுவும் நிற்காமல் துடைத்துவிடுவேன். கழுவக் கழுவப் போய்விடும், மாதம் ஒருமுறை மறுபடி தடவ வேண்டும். பலகைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினும் தேன்மெழுகும், நாலுக்கு ஒன்று. மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும், ஆகவே நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து உருக்கினேன். பாரஃபின் கெட்டுப்போகாது, மெழுகு தண்ணீரைத் தள்ளும். ஆளி விதை எண்ணெய் பூச விரும்புகிறவர்கள் ஹார்டுவேர் கடையில் பெயின்ட்டுக்கு விற்கும் காய்ச்சிய எண்ணெயை வாங்கிவிட வேண்டாம், சீக்கிரம் உலர உலோக உப்புகள் கலந்திருக்கும். உண்கிற தரத்தில் உள்ளதுதான் வேண்டும். அதைத் தடவிய துணியைச் சுருட்டிப் போடவே கூடாது. உலரும்போது உண்டாகும் சூட்டில் துணி தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும்.

எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் பலகை வாங்கு, அதுதான் சுத்தம் என்று வீட்டில் சொன்னார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவரும் அவர் குழுவினரும் 1994-ல் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். மரப் பலகையில் விட்ட கிருமிகள் உள்ளே உறிஞ்சப்பட்டு, மேலே திரும்பக் கிடைப்பது வெகுவாகக் குறைந்தது. கத்திக் கீறல் விழுந்த பிளாஸ்டிக் பலகையைக் கையால் கழுவிச் சுத்தம் செய்வதுதான் கடினமாக இருந்தது. மரத்தைக் கழுவாமல் விடலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மீனும் கோழியும் நறுக்க நான் தனிப் பலகைதான் வைத்திருக்கிறேன், நறுக்கிய கையோடு சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவிவிடுவேன். ப்ளீச்சையும் வினிகரையும் சேர்த்து ஊற்றும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், அதிலிருந்து நச்சு வாயுவான குளோரின் வரும்.

அடுத்த மழைக்காலம்

டிராயரில் இப்போது மரம் எதுவும் இல்லை. அடுப்பிலிருந்து இரண்டு முழம் தள்ளி, ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு சட்டம் அடித்து ஆறு கொக்கி மாட்டினோம். மத்தும் கரண்டியும் அகப்பைகளும் அதில் தொங்குகின்றன. பலகை மேடையில் படுப்பதில்லை, நிமிர்ந்தே நிற்கிறது. கழுவினால் துடைத்து, உடனே தொங்கவிடுவது, அவ்வளவுதான் தினசரி வேலை. மழை விடாமல் பெய்கிற நாட்களில் ராத்திரி படுக்கப் போகும் முன் அந்தப் பக்கம் ஒரு மேசை ஃபேனை ஒரு மணி நேரம் ஓடவிடுவேன்.

போன நவம்பரில் பலகையை மறுபடி நிறுத்தேன். 1,080 கிராம். வெடித்த ஒட்டு அப்படியே இருக்கிறது, மேற்கொண்டு விரியவில்லை. மத்தில் பூசணம் இல்லை. தீபாவளிக்கு வந்திருந்த பெரியம்மா கொக்கியிலிருந்து மத்தை எடுத்து, தலையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு, “தயிர் இருக்காடி?” என்று கேட்டார். இரண்டு படித் தயிரைக் கடைந்து, வெண்ணெய் எடுத்து, தானே வெந்நீர் வைத்து மத்தைக் கழுவித் தொங்கவிட்டார்.